ஏழாம் வகுப்பு, ஆறு பெட்டிகள்

புந்தா அரேனாசில் நவம்பர் காற்று
ஆளைத் தூக்கும்.
தெருமுனைகளில் கயிறு கட்டியிருப்பார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.
அப்படிப் பிடித்து நடந்து வந்த இருபத்தேழு பேர்
காது சிவந்து, மூக்கு ஒழுக
என் எதிரே.

பாடம்: இலக்கிய வகைமைகள்.
மூன்று வாரம். பிறகு தேர்வு.

நண்டு ஆலையிலிருந்து ஆறு அட்டைப்பெட்டிகள்
கொண்டுவந்து தந்தவள் யாஸ்னா.
மெழுகு பூசிய அட்டை. கழுவியும் போகாத உப்பு வாடை.
மேலே நான் ஒட்டினேன்:
சிறுகதை, கவிதை, நாடகம்,
தன்வரலாறு, மர்மக்கதை, அறிவியல் புனைவு.
வீட்டில் எழுத்தென்று எது கிடைத்தாலும் கொண்டுவாருங்கள்,
அதற்குரிய பெட்டியில் போடுங்கள் என்றேன்.

டானிலோ மின்கட்டண ரசீதோடு வந்தான்.
மர்மக்கதையாம்.
"யார் இவ்வளவு செலவழிச்சதுன்னு
கடைசி வரிக்கு வந்தாலும் தெரியாது, ப்ரோஃபே."
போடு என்றேன்.

ஆய்லேன் கொண்டுவந்தது மளிகைச் சீட்டு:
பால், உப்பு, மெழுகுவர்த்தி, பால்.
"பால் ரெண்டு தடவை வருது. அதனால கவிதை."
இதைவிட மோசமான இலக்கணங்களைப்
பல்கலைக்கழகத்தில் நான் மனப்பாடம் செய்திருக்கிறேன்.

பிராங்கோ தன் அண்ணனின் குறுஞ்செய்திகளைத்
திருடிப் படியெடுத்திருந்தான்.
நாடகம் என்றான்.
ஒருத்தர்தானே பேசுகிறார் என்றார்கள்.
"அவ பதில் சொல்லவே இல்ல.
அதான் நாடகம்."

பிறகு யாஸ்னா.
ஒற்றைக் குண்டூசியில் ஒன்பது தாள்.
மதிப்பிற்குரிய மேலாளருக்கு,
இந்தப் பருவத்தோடு வேலையிலிருந்து விலகுகிறேன்.
ஆண்டுக்கொன்று, எல்லாம் நவம்பர் முப்பது.
முதல் கடிதத்தில் வலது மணிக்கட்டு வலித்தது.
மூன்றாவதில் இரண்டும்.
ஆறாவதில் 'மதிப்பிற்குரிய' இல்லை.
ஒன்பதாவதில் தேதி இல்லை.

"அனுப்பினாங்களா?"
"இல்ல."
"அப்ப கட்டுக்கதை."
"கை நிஜமாவே வலிக்குது."
"அப்ப தன்வரலாறு."
"ஆனா வேலைய விடலையே!"
"தொடர்கதை. ஒரே அத்தியாயம், திரும்பத் திரும்ப."
"அறிவியல் புனைவு," என்றான் பிராங்கோ,
"இன்னும் நடக்காதது எல்லாமே அதுல வரும்."

கரும்பலகையில் ஒரு கோடு இழுத்தேன்.
இந்தப் பக்கம் புனைவு, அந்தப் பக்கம் அபுனைவு.
பத்தொன்பது வருடமாக இழுக்கிற கோடு,
ஸ்கேல் வேண்டாம், கை தானாகப் போகும்.
அன்று பாதியில் சுண்ணக்கட்டி ஒடிந்தது.
ஒடிந்ததை ஒரு குறியாக்கிச் சொல்ல எனக்கு ஆசைதான்;
மலிவான சுண்ணக்கட்டி, அவ்வளவே.

யாஸ்னா எதுவும் பேசாமல்
கவிதைப் பெட்டியைக் கவிழ்த்தாள்.
மளிகைச் சீட்டு தரையில் விழுந்தது.
அடியில் ஊதா முத்திரை: 14.
"அம்மா நம்பர்."
நாடகத்தைக் கவிழ்த்தாள். 14.
மர்மம், 14.
ஆறையும் மடித்து ஒட்டியவை
அந்த மணிக்கட்டுகள்தான்.
கொஞ்ச நேரம் வகுப்பில்
ஜன்னல் மட்டும் அடித்துக்கொண்டது.

தேர்வில் எட்டாம் கேள்வி: வகைமை என்றால் என்ன?
மற்றவர்கள் நான் சொன்னதையே எழுதியிருந்தார்கள்.
யாஸ்னா எழுதியது:
'எழுத்து யார் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்று
பார்த்துவிட்டுச் சொல்வது.
போய்ச் சேரவில்லை என்றால் பொறுக்க வேண்டும்.'
மூன்றுக்கு மூன்று போட்டேன்.
எழுத்துப்பிழைக்கு அரை குறைத்தேன்.
வீட்டுக்குப் போய் அந்த அரைக்காக வெட்கப்பட்டேன்.

இருபத்தொன்பதாம் தேதி, மணி அடித்த பின்,
மேசையருகே வந்து நின்றாள்.
"ஒன்பதாவது மட்டும் வேணும்.
அம்மா கேட்டாங்க."
ஏன் என்று கேட்கவில்லை,
கேட்டால் அது என் பாடமாகிவிடும்.
தாளை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்து
ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.
ஜன்னலில் பார்த்தேன்:
ஒரு கை கயிற்றில்,
ஒரு கை நெஞ்சில்.

மிச்சம் எட்டும் என் இழுப்பறையில்,
எந்தப் பெட்டியிலும் இல்லாமல்.

மின்கட்டண ரசீது மட்டும்
மர்மக்கதையிலேயே கிடக்கிறது.
டானிலோவின் அப்பா
வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருக்கிறாராம்.